96-இல் நிற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போனில் கூப்பிட்டால் "சாப்பிட்டேன்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா மகன் லீவுக்கு வந்திருக்கிறான். பொழுதன்னைக்கும் அந்தப் பாத் ஆஃப் எக்ஸைல் கம்ப்யூட்டர் விளையாட்டுதான். நீதான் பழக்கிவிட்டாயாம். திட்டலாம் என்றுதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரையின் அடியில் மெல்லிசாக ஒரு கோடு நகர்ந்துகொண்டிருந்தது. அது என்னடா என்று கேட்டால், "எக்ஸ்பி, ஆச்சி. அனுபவப் புள்ளி. அரக்கனைக் கொன்னா ஏறும், கோடு நிறைஞ்சா அடுத்த லெவல்" என்றான். ரிட்டயர் ஆனாலும் கணக்கு டீச்சர் இல்லையா, பேப்பரும் பேனாவும் எடுத்து வந்துவிட்டேன்.

உச்சம் 100 லெவலாம். அதற்கு மொத்தம் 425 கோடிப் புள்ளி வேண்டுமாம். சரி, 90-க்கு வந்தவன் பத்தில் ஒன்பது பங்கு முடித்திருப்பான் என்று நினைத்தேன். பட்டியலைக் காட்டினான். 90 லெவலுக்கு 193 கோடிதான், பாதிகூட இல்லை! மிச்சம் 232 கோடியும் கடைசிப் பத்து லெவலுக்கே வேண்டும்.

அதோடு விட்டார்களா? நம் லெவலை 16-ஆல் வகுத்து, மீதியைத் தள்ளிவிட்டு, 3 கூட்ட வேண்டும். அரக்கனுடைய லெவலுக்கும் நம் லெவலுக்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்ணைத் தாண்டினால், கிடைக்கிற புள்ளியில் வெட்டு. 96 லெவலுக்கு அந்த எண் 9. ஆனால் கடைசிக் கட்டத்து மேப் என்கிற சண்டைக்களத்திலேயே அரக்கர்கள் வழக்கமாக 83 லெவல்தானாம். 95-ஐத் தொட்டதிலிருந்தே இதற்கும் மேலே தனிக் கழிவு வேறு. 2013-இல் நியூசிலாந்துக்காரர்கள் கொண்டுவந்த விளையாட்டாம். எவர் போட்ட கணக்கோ, ஆளைப் படுத்துவதற்கென்றே போட்ட கணக்கு.

"மாமா 96-ஆம் லெவல், ஆச்சி! எங்க கிளாஸ்ல எவனுக்கும் இப்படி ஒரு மாமா கிடையாது" என்று குதிக்கிறான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எதைத் தொட்டாலும் அடிமட்டம் வரை போகாமல் விட மாட்டாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அப்புறம் ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தேன். இவன் இங்கே வந்த அன்று நீ 92-இல் இருந்தாயாம். 92-இலிருந்து 96-க்கு 84 கோடிப் புள்ளி. அதற்கு நேரம் எங்கிருந்து வந்தது? நண்பர்கள் பட்டியலில் உன் பெயர் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கும் இருக்கிறது, சாயங்காலம் மூன்று மணிக்கும் இருக்கிறது, விடியற்காலையில் நான் பால் வாங்க எழுந்தபோது பார்த்தாலும் இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை என்றால் நடுவில் கொஞ்சம் விளையாடுவதுதான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரத்திலிருந்து 96-ஐ விட்டு நகரவே இல்லை என்கிறான். "செத்துச் செத்து விழுறார் போல" என்றான். அந்த வார்த்தையைச் சொல்லாதே என்று அதட்டிவிட்டு, அதற்கும் கணக்குக் கேட்டேன். விளையாட்டுக் கதையில் முதல் ஐந்து அத்தியாயம் வரை செத்தால் நஷ்டமில்லை. அதன் பிறகு, அந்த லெவலுக்கு வேண்டியதில் 5 சதவீதம் போகும். பத்தாவதும் முடித்துவிட்டால் 10 சதவீதம். 96-இலிருந்து 97-க்கு 25 கோடி என்றால், ஒரு தடவை விழுந்தால் இரண்டரைக் கோடி அவுட். ஆனால் எத்தனை தடவை விழுந்தாலும் 95-க்கு இறங்காதாம், கோடு பூச்சியத்தோடு நின்றுவிடுமாம். இதையெல்லாம் உனக்கே எழுதுகிறேன் பார்.

தூக்கக் கலக்கத்தில் விளையாடினால் விழத்தான் செய்வாய். பத்து மணிக்குப் படு. ராத்திரி ஒரு பிடி சோறாவது சாப்பிடு. உன் சித்தப்பாவும் அந்த வருஷம் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். சரி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை லீக் என்று ஒரு புதுச் சுற்று வருமாம், அதில் எல்லாரும் ஒன்றாம் லெவலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டுமாம். அடுத்ததில் உன்னோடு சேர்ந்து ஆரம்பிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இப்போதே சேர்ந்துகொள்ளேன்டா என்றேன். லெவல் பார்த்துத்தான் புள்ளியைப் பிரிப்பார்களாம், உன் 96-உம் அவனுடைய நாற்பத்துச் சொச்சமும் சேர்ந்தால் முக்கால்வாசி உனக்கே போய்விடும் என்று விவரமாகச் சொல்கிறான். உன் மருமகன்தான், சந்தேகமே இல்லை.

மாடி அறைக்கு ஃபைபர் இணைப்பு கொடுத்தாயிற்று. மேசையையும் துடைத்துப் போட்டிருக்கிறேன். கம்ப்யூட்டரைப் பெட்டி கட்டி நெல்லை எக்ஸ்பிரஸிலேயே கொண்டுவந்துவிடலாமாம். வீட்டு வாடகை ஏதாவது பாக்கி இருந்தால் எனக்கு மட்டும் மெசேஜ் போடு, என் பென்ஷன் கணக்கில் பணம் இருக்கிறது. அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. டிக்கெட் போட்டதும் சொல்லு, பொடியனை ஸ்டேஷனுக்கு அனுப்பி வைக்கிறேன்.

அம்மா