ஆயிரம் பவுண் சுற்றி வரட்டும்

ரூட்டிங், லண்டன்
டிசம்பர் 6, 2015, ஞாயிறு

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் போன கிழமையே வந்துவிட்டது. உடனே பதில் போட நினைத்தேன். அதற்குள் சென்னை வெள்ளச் செய்தி வந்து எங்களைக் கலக்கிவிட்டது. வேளச்சேரியில் உன் தங்கச்சி வீட்டில் எல்லாரும் மாடியில் பத்திரமாய் இருக்கிறார்கள் என்று நேற்று உன் மகன் ஃபோனில் சொன்ன பிறகுதான் இவளுக்கு நித்திரை வந்தது. கரண்ட் வந்ததும் தங்கச்சியோடு கதைத்துவிட்டு எங்களுக்கும் ஒரு சொல் சொல்.

இனி, நல்ல வட்டி தருகிற கணக்கு ஒன்று திறக்கப் பார்த்ததாக நீ எழுதிய வங்கி விஷயம். "மாதம் 500 பவுண் உள்ளே வரவேணுமாம். எனக்கு இனி ஆர் சம்பளம் தரப்போறான்?" என்று எழுதி அந்தக் கதையையே விட்டுவிட்டாய். அதை வாசித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. முப்பது வருஷம் இரவு வேலை செய்து மிச்சம் பிடித்த காசு 18,000 பவுண், நூற்றுக்கு அரை வட்டியில் கிடக்கிறது. இங்கிலாந்து வங்கி 2009 மார்ச்சில் வட்டியை அரை வீதத்துக்கு இறக்கியது, இன்றுவரை ஏற்றவில்லை. சேமிப்புக் கணக்குகள் எல்லாம் அதோடு படுத்துவிட்டன. அன்றாட வரவுசெலவுக்கு வைக்கிற கறண்ட் அக்கவுண்டுகள்தான் இப்போது நல்ல வட்டி தருகின்றன. நம் அப்பாமார் கேட்டால் நம்பமாட்டார்கள்.

மச்சான், சம்பளம் வேண்டும் என்று வங்கியின் நிபந்தனைத் தாளில் எங்குமே இல்லை. மாதத்துக்குள் இவ்வளவு தொகை உள்ளே வரவேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆரிடமிருந்து வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று கேட்கமாட்டார்கள். உன் அரசாங்கப் பென்சன் கிழமைக்கு 115.95 பவுண், நாலு கிழமைக்கு ஒருதரம் 463.80. ஐந்நூறுக்கு 36 பவுண் காணாது என்று நீ கணக்குப் பார்த்திருப்பாய். பென்சன் பழைய கணக்குக்கே போகட்டும். அங்கிருந்து மாதம் 5ஆம் திகதி 500 பவுண் புதுக் கணக்குக்குப் போக ஒரு ஸ்டாண்டிங் ஓடர் போடு, மாதாமாதம் தானாகவே காசு அனுப்பச் சொல்லி வங்கிக்குக் கொடுக்கிற உத்தரவுதான் அது. புதுக் கணக்கிலிருந்து 12ஆம் திகதி அதே 500 திரும்பி வர இன்னொன்று. அவ்வளவுதான். களவு வேலை இல்லை, வங்கி எழுதிய நிபந்தனையை அப்படியே நிறைவேற்றுகிறோம்.

நீ பார்த்தது சன்ரன்டர் வங்கியின் கணக்கு என்று நினைக்கிறேன். 3,000 பவுண் முதல் 20,000 வரை வைத்தால் முழுத் தொகைக்கும் 3 வீதம். ஜனவரியில் மாதக் கட்டணம் 2 பவுணிலிருந்து 5 ஆகிறது என்று பலர் கோபித்துக்கொண்டு விலகப் பார்க்கிறார்கள். உன் கணக்கைப் பார்: 18,000க்கு வருஷம் 540, கட்டணம் 60 போனால் 480. இப்போது உனக்கு வருவது 90. இன்னொரு நிபந்தனை, இரண்டு டைரக்ட் டெபிட், அதாவது பில்காரர் தாங்களே காசு எடுத்துக்கொள்கிற ஏற்பாடு, அந்தக் கணக்கிலிருந்து போகவேண்டும். நகரசபைக்குக் கட்டுகிற கவுன்சில் ராக்ஸையும் கரண்ட் பில்லையும் மாற்றிவிடு. முதலாவதில் 1 வீதம், இரண்டாவதில் 2 வீதம் உனக்கே திருப்பித் தருவார்கள்.

இன்னொன்று. இரண்டு பென்சனையும் இந்த வட்டியையும் கூட்டினாலும் உன் வருமானம் வரியில்லாத எல்லையான வருஷம் 10,600ஐத் தாண்டாது. அதனால் வட்டியில் 20 வீதம் வரி பிடிக்கவிடாதே, வரி பிடிக்காமல் வட்டி தரச் சொல்கிற ஆர்85 படிவத்தை வங்கியில் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடு. வருகிற ஏப்ரலிலிருந்து அந்தப் படிவமும் தேவையில்லை, வட்டியை முழுதாகவே தருவார்கள்.

என்னிடம் இப்படி வட்டி தருகிற மூன்று கணக்கு ஓடுகிறது. நேஷன்வைட்டில் 2,500 பவுண் வரை முதல் வருஷம் 5 வீதம், மாதம் 1,000 உள்ளே வரவேண்டும். ரி.எஸ்.பி.யில் 2,000 வரை 5 வீதம், அதற்கு 500. மூன்றாவது சன்ரன்டர். ஒரே ஆயிரம் பவுண்தான் எல்லாவற்றுக்கும். வேறொரு வங்கிக் கணக்கிலிருந்து முதலில் நேஷன்வைட்டுக்குப் போகும், அங்கிருந்து 500 ரி.எஸ்.பி.க்கு, 500 சன்ரன்டருக்கு. பிறகு இரண்டும் புறப்பட்ட கணக்குக்கே வந்து சேரும். வட்டி தருகிற அடித்தொகையில் கை வைப்பதில்லை. நேஷன்வைட்டுக்கு வேறொரு நேஷன்வைட் கணக்கிலிருந்து போடுகிற காசு எண்ணப்படாது, வெளி வங்கியிலிருந்துதான் வரவேண்டும்.

நான் ஒரு மாதம் பட்டதையும் சொல்லவேண்டும். குசினியில் கோயில் கலண்டர் தொங்குகிறதே, அதில் ஆகஸ்ட் 30ஆம் கட்டத்தில் பென்சிலால் 500 என்று எழுதி வட்டம் போட்டிருந்தேன். 30 ஞாயிற்றுக்கிழமை. ஸ்டாண்டிங் ஓடர் ஞாயிறு போகாது, அடுத்த வேலை நாளில்தான் போகும். அடுத்த நாள் 31, திங்கள், வங்கி விடுமுறை. காசு செவ்வாய் போய்ச் சேர்ந்தபோது செப்டம்பர் முதலாம் திகதி. ஆகஸ்டில் ஒரு சதமும் வரவில்லை என்று அந்த மாத வட்டி முழுவதையும் வெட்டிவிட்டார்கள். செப்டம்பரில் இரண்டு தரம் வந்ததை ஆகஸ்டுக்குக் கணக்கெடுங்கள் என்று கேட்டேன், மறுத்துவிட்டார்கள். எட்டுப் பவுண்தான், ஆனாலும் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவள்தான் அந்த ஓடர்களை எல்லாம் மாதத்தின் முதல் பாதிக்கு மாற்றச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு மாதமும் தவறவில்லை.

அதனால்தான் உனக்கு 5, 12 என்று சொன்னேன். வந்த நாளே திருப்பி அனுப்ப வைக்காதே. வெளியே போகிற ஓடர் விடியற்காலையிலேயே ஓடிவிடும், உள்ளே வருகிற காசு அதற்குப் பிறகு வரும். இடையில் நாலைந்து நாள் விடு, சனி ஞாயிறு குறுக்கிட்டாலும் பயமில்லை.

இப்போதைக்கு ஒரு கணக்கு போதும். திறக்கிற ஒவ்வொருதரமும் கடன் சரித்திரம் பார்ப்பார்கள், ஒரே மாதத்தில் மூன்று வங்கிக் கதவைத் தட்டவேண்டாம். இன்னொன்று வேண்டுமென்றால் சித்திரைக்குப் பிறகு பார்ப்போம்.

நத்தாருக்கு அடுத்த நாள் மகள் எங்களை லெஸ்ரருக்குக் கூட்டிவருகிறாள், 27ஆம் திகதி பின்னேரம்வரை நிற்போம். பாஸ்போட்டையும் கவுன்சில் ராக்ஸ் கடிதத்தையும் எடுத்துவை. உன் மகனின் கம்பியூட்டரில் இருந்து நிரப்பிவிடலாம். ஒடியல் கூழுக்கு நண்டு நான் கொண்டுவருகிறேன், ஒடியல் மா உன்னிடம் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் சொல்.

அன்புடன்,
உன் பழைய வாங்குக் கூட்டாளி