ஒடுக்கெடுக்காமல் பட்டி பூசித் தரப்பட்ட மட்கார்டு குறித்த புகார்க் கடிதம்

அனுப்புநர்
அம்பாசிடர் காரின் உரிமையாளர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
பழைய கார் சீரமைப்புப் பணிமனை,
மதுரை.

பொருள்: இடது முன் மட்கார்டில் தகடு வேலை செய்யாமலே அதற்குக் கட்டணம் பெற்றது குறித்து.

ஐயா,

என் தந்தையார் 1978-இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 3 காரின் இடது முன் மட்கார்டை, பாம்பனில் பின்னோக்கி வந்த மீன் லாரி ஒன்று இடித்து, முகப்பு விளக்குக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்துக்கு ஒடுக்கிவிட்டது. கடந்த ஆவணியில் தங்கள் பணிமனையில் காரை விட்டபோது, பழைய தகட்டையே தட்டி நிமிர்த்தித் தர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். தங்கள் மேற்பார்வையாளரும் அதற்கு ஒப்புக்கொண்டு, வேலைச்சீட்டில் ‘தகடு வேலை, கை டிங்கரிங்’ என்று எழுதி, அதற்கென்றே 14,000 ரூபாயும், பெயிண்டுக்குத் தனியாக 9,000 ரூபாயும் பெற்றுக்கொண்டார்.

கார்த்திகை மழை ஓய்வதற்குள் அந்த இடத்தில் பெயிண்ட் கொப்புளம் கட்டியது. மற்ற இடங்களில் கெட்டியாக ஒட்டிய காந்தம் அங்கே மட்டும் நழுவி விழுந்தது. நாற்பது ஆண்டுகளாகத் தகடு தட்டிவரும் இராமநாதபுரத்து டிங்கர் ஒருவர் என் கண்முன்னே சுரண்டியபோது, பள்ளத்தை நிரப்பப் பூசும், காந்தம் ஒட்டாத பசையான பட்டி மட்டும் தடித்த இடத்தில் 8 மில்லிமீட்டர் இருந்தது. அதன் அடியில் ஒடுக்கு பெரும்பாலும் அப்படியே கிடந்தது. ஒடுக்கை வெளியிலிருந்தே இழுக்கும் இழுப்புச் சுத்தியலை மாட்டுவதற்காகப் போட்ட பதினொரு துளைகள் அடைக்கப்படாமல் இருந்தன. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகடு மொட்டுப்போல் புடைத்திருந்தது. இத்தனை ஆண்டுகள் ஒரு ஓட்டைகூட விழாமல் என் தந்தையார் பேணிக் காத்த தகடு அது என்பதால், அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனையை இங்கே மறைக்க விரும்பவில்லை.

ஒடுங்கிய தகட்டில் உண்மையாகவே மடிந்து இறுகியிருப்பது ஓர மடிப்புகள் மட்டுமே. நடுப்பகுதி பெரும்பாலும் அந்த மடிப்புகளின் பிடியில் சிக்கி நிற்பதுதான் என்பது தங்கள் தொழிலாளர்களுக்குத் தெரியாததன்று. பின்புறம் பள்ளத்தில் டாலி என்ற இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடித்து, வெளியே பக்கத்து மேட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, கடைசியாக விழுந்த மடிப்பிலிருந்து தொடங்கி முதலில் அடிபட்ட இடத்தை நோக்கி வந்தால், தகடு பெருமளவு தானாகவே பழைய வளைவுக்குத் திரும்பும். அதன் பிறகும் விரிந்து நிற்கும் இடத்தைக் காசு அளவுக்குச் சிவக்கக் காய்ச்சித் தட்டி, ஈரத்துணியால் குளிரவைத்துச் சுருக்க வேண்டும். அரம் போட்டு மேடு பள்ளம் பார்த்த பின், எஞ்சும் சிறு குறையை மூடத்தான் மெல்லிய பூச்சாகப் பட்டி. அது 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த மட்கார்டு போல்ட் போட்டு மாட்டியது, கழற்றினால் இரு பக்கமும் கை எட்டும். ஆகவே, பின்புறம் எட்டாத தகட்டுக்குச் செய்வதுபோல் துளையிட்டு இழுத்ததற்கு எந்தக் காரணமும் எனக்குப் புலப்படவில்லை.

இதே வேலையை உள்நாட்டு ஊர் ஒன்றில் ஓடும் காருக்குச் செய்திருந்தால் சில ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம். மண்டபத்துக்கு ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறு பக்கம் மன்னார் வளைகுடா. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் உலோகம் துருப்பிடித்து அரிபடுவதை ஆராயும் தன் அரிமானச் சோதனைகளுக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கே இங்குள்ள உப்புக் காற்றுதான் காரணம். சக்கரம் வாரியடிக்கும் உப்பு ஈரம் அந்தத் துளைகள் வழியே நேராகப் பட்டிக்குள் ஏறியது. ஈரத்தை உறிஞ்சும் பட்டி அதைத் தகட்டோடு ஒட்டவைத்துத் துருவை வளர்த்தது. கார் நிற்கும் ஊரைத் தாங்கள் வேலைச்சீட்டிலேயே குறித்திருந்தும், மட்கார்டின் உட்புறத்துக்குத் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான பிரைமர்கூட அடிக்கவில்லை.

வேறு மட்கார்டு மாட்டித் தருவதாகத் தொலைபேசியில் சொன்னதை நான் ஏற்கவில்லை. 2014-இல் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. கையிலிருக்கும் அசல் தகட்டை இழக்க நான் ஆயத்தமாக இல்லை.

ஆகவே, பட்டி முழுவதையும் நீக்கி, துளைகளை வெல்டிங் செய்து அடைத்து, விரிந்த தகட்டைச் சுருக்கித் தட்டி நிமிர்த்தி, இரு பக்கமும் எபாக்சி பிரைமர் அடித்து, பெயிண்டுக்கு முன் வெறும் தகட்டை எனக்குக் காட்டி, கட்டணமின்றி இந்த வேலையைச் செய்து தர வேண்டும். இயலாதெனில் 23,000 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும், நான் இராமநாதபுரத்திலேயே செய்துகொள்வேன். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிட இடமளிப்பதால், இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்வேன்.

வேலைச்சீட்டு, ரசீது ஆகியவற்றின் நகல்களும், சுரண்டும்போது எடுத்த ஒளிப்படங்களும், பெயர்ந்து விழுந்த பட்டித் துண்டு ஒன்றும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
காரின் உரிமையாளர்