கலைஞர்கள் கூடுவதற்கு ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்து, மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் விற்றுத் தங்கள் கலையைக் காப்பாற்றிக்கொண்டதற்கு, ஒருவர் வேலையை மற்றவர் அன்றாடம் பார்க்கும் நெருக்கமும் துணை நின்றது என்றே நினைக்கிறேன். எங்கள் பாம்பனில், வலைக் கொட்டகைச் சுவரில் அடுப்புக்கரியால் நாட்டுப்படகு வரையும் சிறுவனுக்கு படகின் முன்பகுதியான அணியத்தின் வளைவு பிசகாமல் வருகிறது. அதைப் பார்த்துத் திருத்தவோ பாராட்டவோ அருகில் இன்னோர் ஓவியர் இல்லை. அவன் வயதில் எனக்கும் இல்லை. சேதுபதி மன்னர்கள் காலத்துச் சுவரோவியங்கள் நிறைந்த இராமலிங்க விலாசம் அரண்மனை இருக்கும் இராமநாதபுரத்திலேயே, மாலையிலும் திறந்திருக்கும் ஓர் ஓவியக்கூடத்தை மாவட்ட நிர்வாகம் அமைத்துத் தர வேண்டும்.

- ஒரு வாசகர், பாம்பன்