காந்தி பூங்காவில் புதையல் தேடும் பிள்ளைகள்

ஆசிரியருக்கு,

மட்டக்களப்பு காந்தி பூங்காவில் சிறுவர்கள் போனும் கையுமாகச் சுற்றுவதைப் பார்த்துச் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அவர்கள் ஆடுவது ‘ஜியோகேச்சிங்’. 2000 மே மாதம் அமெரிக்காவின் ஒரிகனில் தொடங்கிய விளையாட்டு இது. ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் கொண்டு தேடிப் பிடித்து, உள்ளிருக்கும் தாளில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

புதிர் வைத்து ஆடினால் இன்னும் சுவை. ஒல்லாந்தர் நம் கோட்டையைப் பிடித்தது 1638, விபுலானந்த அடிகள் பிறந்தது 1892. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 254. அதை, ஓர் இடத்தின் வடக்கு-தெற்கு நிலையைக் காட்டும் அகலாங்கின் கலையில் (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) தசமத்துக்குப் பின் போட்டால் இடம் கிடைக்கும்படி அமைக்கலாம். கடைசி இலக்கம் ஒன்று பிசகினால் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவாக விலகும். ரியூஷன் வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளை இதற்காக மரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறது! கணிதம் படிப்பித்தவள் என்பதால் சொல்கிறேன், இதைத் தடுக்காதீர்கள்.

ஆனால் ஒன்று. கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியைக் கண்டால் நெஞ்சு பதறும் ஊர் நம்முடையது. அந்தப் பயம் நியாயமானது. ஆகவே உள்ளே இருப்பது வெளியே தெரியும் டப்பாவாக இருக்கட்டும். மேலே மூன்று மொழியிலும் விளக்கம் ஒட்டுங்கள். பொலிசுக்கும் பூங்காப் பொறுப்பாளருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். மண்ணைத் தோண்டக் கூடாது, வாவிக் கரையோரம் ஒளிக்கவே கூடாது. மாநகர சபை இதற்கென எளிய அனுமதி முறை ஒன்றை வகுத்துத் தர வேண்டும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கல்லடி.