கொரியாவுல இங்கிலீஷ் வேர்ட் புக் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம். சுனுங்ங்கிற காலேஜ் நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கிற பசங்க உங்க புக்கை நம்பித்தான் ராத்திரி பகலா மனப்பாடம் பண்றாங்க, அதனாலதான் இதை எழுதுறேன். சியோல்ல எங்க லேப்ல இருக்கிற கொரியன் ஃப்ரெண்ட்ஸோட இங்கிலீஷைத் திருத்திக் கொடுக்கிறது பெரும்பாலும் நான்தான், அதுல அடிக்கடி இடறுற வார்த்தை டிபங்க்.

அவங்க வச்சிருக்கிற புக்ல அதுக்கு நேரா 'போங்னோஹாதா'ன்னு ஒரே வார்த்தை. அது மறைச்சு வச்ச உண்மையை வெளிய கொண்டு வர்றது. டிபங்க் அப்படியே தலைகீழ், எல்லாரும் நம்புற ஒண்ணு பொய்னு ஆதாரத்தோட காட்டுறது. ஒரு அமைச்சர் லஞ்சம் வாங்கினது அம்பலமாச்சுன்னு சொல்ல வந்த பையன், லஞ்சப் புகாரை டிபங்க் பண்ணிட்டாங்கன்னு எழுதுறான், படிக்கிறவன் அமைச்சர் மேல தப்பே இல்லன்னு புரிஞ்சுக்கிறான். அர்த்தமே கவுந்து போச்சு பாருங்க!

உதாரணத்துக்கு எங்கயும் போக வேணாம். கதவு ஜன்னலை மூடிட்டு ஃபேன் போட்டுத் தூங்கினா செத்துடுவோம்னு உங்க ஊர்ல பாட்டிமார் சொல்லாத வீடு உண்டா? 2006ல கொரிய அரசோட நுகர்வோர் பாதுகாப்பு போர்டே கோடைகால ஆபத்து லிஸ்ட்ல ஃபேன், ஏசியால மூச்சு முட்டுறதைச் சேர்த்து எச்சரிக்கை விட்டுச்சு. ஃபேன் ஆக்ஸிஜனைத் தின்னாது, இருக்கிற காத்தைத்தான் சுத்தி விடும், ரூமும் காத்துப் புகாத பெட்டி இல்ல. இப்படி ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுறதுக்குப் பேர்தான் டிபங்க்னு போட்டா எந்தப் பிள்ளையும் மறக்காது. ஏ குரூப் ரத்தம்னா கூச்ச சுபாவம்ங்கிற கதையையும் சேர்த்துக்கலாம்.

வார்த்தை வந்த கதையும் ருசியானதுதான். 1820ல அமெரிக்கக் காங்கிரஸ்ல வட கரோலினா உறுப்பினர் ஃபீலிக்ஸ் வாக்கர் ஓட்டெடுப்பு நேரத்துல நீட்டி முழக்கி, நான் என் பன்கம் கவுண்ட்டிக்காகப் பேசுறேன்னாரு, அந்த ஊர்ப் பேர்ல இருந்துதான் வெத்துப் பேச்சுக்கு பங்க்னு பேர் வந்துச்சு. அதைக் களையெடுக்கிறதுக்கு 1923ல வில்லியம் உட்வர்ட் தன் நாவல்ல டிபங்க்னு போட்டாரு.

அடுத்த எடிஷன்ல அந்த ஒத்தை அர்த்தத்தை எடுத்துட்டு டிபங்க்கோட சேர்ந்து வர்ற மித், கிளைம், தியரி மூணையும் அது பக்கத்துலயே அச்சடிங்க ப்ளீஸ், அதோட அம்பலப்படுத்துறதுன்னு அர்த்தம் வர்ற எக்ஸ்போஸையும் ஒரு வாக்கியத்துல வச்சு வித்தியாசம் காட்டுங்க. இடம் பத்தலன்னா கார்ட்டூனைக் குறைச்சுக்கலாம்.