புகார்: ஒரே வாரத்தில் இரு வேறு நாடி முடிவும், புளித்த வாடை அடிக்கும் தாங் குவெய் மூலிகை வேரும்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைபேசியில் பேசிப் பார்த்தாயிற்று, மின்னஞ்சல் அனுப்பியாயிற்று, நேரிலும் வந்தாயிற்று. கிளினிக்கில் கேட்டால் மருந்துக்கடையைக் கேளுங்கள் என்கிறார்கள், மருந்துக்கடையில் கேட்டால் தலைமை அலுவலகம் என்கிறார்கள். இனி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

அம்மாவின் மூட்டுவலிக்காகவும் தூக்கமின்மைக்காகவும் சிங்கப்பூரில் உங்கள் சீன மருத்துவக் கிளினிக்கின் அங் மோ கியோ கிளைக்கு அழைத்து வந்தேன். அங்கிருந்த சின்சே (சீன மருத்துவர்) பொறுமையாகப் பார்த்தார். நாக்கு சிவந்து மேல்படிவம் குறைந்திருக்கிறது, நாடி மெலிந்து வேகமாக ஓடுகிறது, சிறுநீரக யின் (குளிர்விக்கும் ஆற்றல்) குறைவு, உடம்பில் சூடு என்று அட்டையில் எழுதினார். அதே வாரம் அவர் விடுப்பு என்பதால் தேக்கா கிளைக்கு அனுப்பினீர்கள். அங்கே நாக்கு வெளிறி ஓரத்தில் பல் தடம், நாடி ஆழத்தில் மெதுவாக, மண்ணீரல் யாங் (சூடு தரும் ஆற்றல்) குறைவு, உடம்பில் குளிர். முதலாமவர் சூட்டைத் தணிக்கக் கொடுத்தார், இரண்டாமவர் சுக்கும் பட்டையும் போட்டுச் சூடேற்றக் கொடுத்தார். ஒரே அம்மா, ஒரே நாக்கு. இரண்டு ரசீதும் உங்கள் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கின்றன.

“உடம்பு தினமும் மாறும்” என்றார் உங்கள் ஊழியர். மாறட்டும். அப்படியென்றால் முந்தைய அட்டையை எடுத்துப் பார்த்து, ஏன் மாறியது என்று ஒரு வரி எழுத வேண்டாமா? அம்மா இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். முதல் சின்சே அதைக் கேட்டுச் சிவப்பு மையில் குறித்துவைத்து, தாங் குவெய் வேண்டாம் என்று விட்டார். இரண்டாமவர் கேட்கவே இல்லை, தாங் குவெய்யைச் சேர்த்துவிட்டார். வார்ஃபரினோடு அது சேர்ந்தால் இரத்தக்கசிவு வரலாம் என்று மருத்துவமனை மருந்தாளர் சொல்லித்தான் நிறுத்தினோம். பார்த்தல், கேட்டலும் முகர்தலும், விசாரித்தல், நாடி பிடித்தல் என நான்கு முறை உண்டென்று உங்கள் சுவரிலேயே மாட்டி வைத்திருக்கிறீர்கள். அதில் விசாரித்தல் எங்கே போனது?

அமெரிக்காவில் 40 மூட்டு முடக்குவாத நோயாளிகளை மூன்று சீன மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. நோயைக் கணிப்பதில் அவர்கள் ஒத்துப்போனது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் தொழிலில் இருக்கும் இந்தச் சிக்கல் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கிளைக்குக் கிளை ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வைக்காதது ஏன்?

இப்போது அந்த வேர். நல்ல தாங் குவெய் வெளியே பழுப்பாக, வெட்டிய முகத்தில் இளமஞ்சளாக, எண்ணெய்ப் புள்ளிகளோடு இருக்கும். டப்பாவைத் திறந்தால் வீடே மணக்கும். நீங்கள் கொடுத்த துண்டுகள் சுண்ணாம்பு வெளுப்பு. அவற்றை மூன்று கிண்ணம் தண்ணீரில் போட்டு ஒரு கிண்ணமாக வற்றவைத்தபோது புளித்த, மூக்கைக் குத்தும் வாடை எழுந்தது. கந்தகப் புகை போட்ட வேர் இப்படித்தான் வெளுக்கும், இப்படித்தான் நாறும். சீன மருந்தியல் நூலே பெரும்பாலான மூலிகைகளுக்குக் கந்தக டை ஆக்சைடு எச்சம் கிலோவுக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. இந்தச் சரக்கின் சோதனை அறிக்கையைக் கேட்டதற்குத்தான் உங்கள் அலுவலகப் பெண்மணி ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: “உங்களுக்குச் சீன மருந்தைப் பற்றி என்ன தெரியும்? பிடிக்கவில்லை என்றால் குப்பையில் போடுங்கள்.” சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். என் அம்மாவின் வயதை நினைத்தாவது அப்படிப் பேசாமல் இருந்திருக்கலாம். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

வேரோடு நேரில் வரச் சொன்னதும் அவர்தான். அரை நாள் விடுப்பு எடுத்து, மழையில், வலிக்கும் காலோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஜூரோங் அலுவலகம் வந்தேன். பொறுப்பாளர் இல்லை, வருவார் என்றார்கள், வரவில்லை. நாற்காலிகூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. இந்த அலைச்சலில் எங்கள் குடும்பத்தின் நிம்மதியே போய்விட்டது. அதற்கு எத்தனை வெள்ளி கொடுத்தாலும் ஈடாகாது.

நான் வேண்டுமென்றே குறை தேடுவதாக நினைக்க வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலியக் கொடுத்த மருந்தில் ஃபாங் சி என்ற வேருக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா என்ற நச்சுச் செடி இனத்து வேர் கலந்துபோய், சுமார் நூறு பெண்களின் சிறுநீரகம் கெட்டது. பிறகு பலருக்குப் புற்றுநோயும் வந்தது. வேர் எது, எங்கிருந்து வந்தது என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. பெட்டியில் வரும் தயார் மருந்தைச் சுகாதார அறிவியல் ஆணையம் பட்டியலிட்ட பிறகே விற்க முடியும். உதிரி வேருக்கு அப்படி முன்அனுமதி கிடையாது. அதனால் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான்.

தயவுசெய்து 14 நாள்களுக்குள் அந்தச் சரக்கின் சோதனை அறிக்கையையும் வேர் வந்த இடத்தையும் தாருங்கள். இரு சின்சேக்களின் முடிவுகளையும் மூத்த மருத்துவர் ஒருவர் பார்த்து, எது சரி என்று கையெழுத்துப் போட்டு விளக்க வேண்டும். இரண்டாம் மருந்துச் சீட்டுக்கு வாங்கிய பணம் முழுவதும் திரும்ப வேண்டும். பல ஆண்டுகளாக உங்களிடம் வாங்கும் குடும்பம் நாங்கள், சண்டை போட விருப்பமில்லை. பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்துக்கும், சின்சேயைப் பற்றிப் பாரம்பரிய சீன மருத்துவர்கள் வாரியத்துக்கும் எழுதுவேன். பணத்துக்காகச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் போகவும் தயங்க மாட்டேன். மிச்சமிருக்கும் வேரைக் காற்றுப் புகாத டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவும் தயார்.

பதில் எழுத்தில் வரட்டும். தொலைபேசியில்தான் பேச வேண்டுமென்றால், அந்தப் பெண்மணியை மட்டும் பேசச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாடிக்கையாளர்
(இணைப்பு: இரு ரசீதுகள், இரு அட்டைகளின் நகல், வேரின் படங்கள்)