பனம்பழம் தின்னும் பாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2019ஆம் ஆண்டு போட்சுவானாவில் நஞ்சு தடவிய யானை உடல்களைத் தின்று 537 பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள் என்று பலரும் அழைப்பவை) மடிந்ததையும், வானில் வட்டமிடும் பறவைகள் வனக்காவலருக்குத் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சி யானைத்தந்த வேட்டைக்காரர்கள் அவ்வாறு நஞ்சு வைப்பதையும், சென்ற இதழில் வெளியான ஆப்பிரிக்கப் பாறுகள் குறித்த கட்டுரை தெளிவாகவே விளக்கியிருந்தது. ஆனால், பாறுகள் அனைத்தும் செத்த விலங்குகளை மட்டுமே உண்டு வாழ்பவை என்று அதில் வரும் ஒரு வரி பிழையானது. அந்த வரிக்குள் அடங்காத பாறு ஒன்று அதே கண்டத்தில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் அதைப் பனங்கொட்டைப் பாறு என்னும் பொருள்பட அழைக்கிறார்கள். அந்தப் பெயரும் முழுக்கச் சரியன்று. அது விரும்பித் தின்பது கொட்டையை அன்று, கொட்டையைச் சுற்றியுள்ள எண்ணெய்ச் சதையை. எண்ணெய்ப் பனை, ராஃபியா பனை ஆகியவற்றின் குலையிலிருந்து பழத்தை அலகால் பறித்து, காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சதையைக் கிழித்துத் தின்னும். வளர்ந்த பறவையின் உணவில் 60 விழுக்காட்டுக்கும் மேல், இளம் பறவையின் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இப்பழங்களே என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நண்டு, நத்தை, மீன், தவளை, வெட்டுக்கிளி எல்லாம் அதற்குப் பக்க உணவு. செத்த விலங்கு கிடைத்தால் ஒதுக்குவதில்லை. ஆனால் அதைத் தேடி நாள் முழுதும் வானில் மிதப்பதும் இல்லை.

ஆகவே பனை எங்கே உண்டோ அங்கேதான் இப்பறவையும் உண்டு. மேற்கே காம்பியாவிலிருந்து கிழக்கே கென்யக் கடற்கரை வரையிலும், தெற்கே மொசாம்பிக்கைக் கடந்து தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடபகுதி வரையிலும், ஆற்றோரக் காடுகளிலும் அலையாத்திக் கழிமுகங்களிலும் ஈரமான புல்வெளிகளிலும் அது வாழ்கிறது. வெண்ணிற உடலும் கறுப்புக் கலந்த இறக்கையும் கொண்ட அதைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் ஆப்பிரிக்க மீன்கழுகு என்று எண்ணிவிடுவதுண்டு. பாறுகளுக்குரிய மொட்டைத் தலை அதற்கு இல்லை. கண்ணைச் சுற்றி மட்டும் சிவந்த வெறுந்தோல் தெரியும்.

தென்னாப்பிரிக்காவின் முதுன்சினி என்ற சிற்றூரில் நடந்தது இந்த உறவுக்கு நல்ல சான்று. மொசாம்பிக் எல்லையை ஒட்டிய கோசி விரிகுடாவிலிருந்து ராஃபியா விதைகளை 1916இல் கொண்டுவந்து அங்கே நட்டார்கள். மட்டை நாரில் சிறைச்சாலைக்குத் துடைப்பம் கட்டலாம் என்பது திட்டம். நார் துடைப்பத்துக்கு உதவவில்லை. ஆனால் மரங்கள் தோப்பாகப் பெருகின. நம் தாளிப்பனையைப் போல வாழ்நாளில் ஒரே முறை காய்த்து மடியும் மரம் அது. பழமோ பிரம்புப் பழத்தைப் போலச் செதில் போர்த்தியது. அந்தப் பழத்தை நாடி, கோசியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே உள்ள அத்தோப்பில் இப்பாறுகள் குடியேறிக் கூடு கட்டின. 1942இல் தோப்பு தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இப்பறவையின் நெருங்கிய உறவினர்களில் ஒன்று மஞ்சள்முகப் பாறு. திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலில் நண்பகல்தோறும் அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டுவந்தவை அவைதாம் என்பதை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பாறு என்ற அழகிய பழஞ்சொல் இருக்க, கட்டுரையில் நான்கைந்து இடங்களில் ‘பிணந்தின்னிக் கழுகு’ என்று எழுதியிருப்பது அதனாலும் எனக்கு உறுத்தியது.

அடுத்த இதழில் அந்த வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இப்பறவைக்குத் தமிழில் பெயர் வைப்பதாக இருந்தால், ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்க்காமல் ‘பனம்பழப் பாறு’ என்றே எழுதலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
செங்கல்பட்டு.